போயிடலாம்னு நெனச்சேங்க

மத்தூரைத் தாண்டி ஊத்தங்கரை போகும் சாலையில், எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தை எல்லோரும் கூட்டு ரோடு என்றுதான் சொல்வோம். ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, நிழற்குடை, இரண்டு புளியமரம். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் அங்கே வலது கைப்பக்கம் திரும்ப வேண்டும். 2018இல் மாங்காய் சீசன் முடியப்போகும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போச்சம்பள்ளி சந்தைக்குப் போய்விட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்த அப்பா அந்த இடத்தில் திரும்பினார். ஊத்தங்கரைப் பக்கமிருந்து நேராக வந்த கார் அவரை அடித்தது.

108 வந்து ஏற்றிக்கொண்டு போனது. இடது கெண்டைக்கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று அம்மா மாரியம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். அதற்குமேல் ஆஸ்பத்திரிக் கதையை நீட்ட விருப்பமில்லை. நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நாங்கள் மூன்று வருஷம் சுமந்த கேள்வியைப் பற்றி. தப்பு யார் மேல்?

ஊருக்கு அதில் சந்தேகமே இல்லை. "பெரிய வண்டி மேலதான் கேஸு. கார்க்காரன் குடுத்துத்தான் ஆகணும்." பார்க்க வந்த ஒவ்வொருவரும் இதைத்தான் சொன்னார்கள். லாரிக்கும் காருக்கும் ஆனால் லாரி மேல், காருக்கும் பைக்குக்கும் ஆனால் கார் மேல், பைக்குக்கும் நடந்து போகிறவருக்கும் ஆனால் பைக் மேல். இப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கம் டீக்கடைப் பஞ்சாயத்து முழுவதும் இதன்மேல்தான் நடக்கிறது. போலீஸும் கார் ஓட்டியவர் மேல்தான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அப்போது இந்திய தண்டனைச் சட்டம்: கவனமில்லாமல் ஓட்டியதற்கு 279, கொடுங்காயத்துக்கு 338. (2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் இப்போது அவை 281, 125.) எஃப்.ஐ.ஆர். அவர் மேல் இருக்கிறது, எனவே தப்பு அவருடையது என்று நானும் ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இழப்பீட்டு வழக்குப் போடப் போனபோது வக்கீல் கேட்ட முதல் கேள்வியே எனக்குச் சுருக்கென்றது.

"உங்க அப்பா திரும்பினாருங்களா, இல்ல நேரா வந்தாருங்களா?"

"திரும்பினாருங்க சார்."

"எதிர்ல கார் நேரா வந்துச்சு?"

"ஆமாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நாம கொஞ்சம் பொறுமையா பேசணும்மா" என்றார்.

அவர் அன்று சொன்னதையும், அதன்பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். அதனால் வலது பக்கம் திரும்புகிறவர்தான் எதிரே வரும் தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கடக்கிறவர், நேராக வருகிற வண்டி போகும்வரை காத்திருக்க வேண்டும். என் அத்தை மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே வலது பக்கம் ஓட்டுவதால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிடுகிறது. அங்கே ஆபத்தான திரும்பல் இடது. இடது திரும்புகிறவர் எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும், இடித்துவிட்டால் பெரும்பாலும் பழி திரும்பியவர் மேல்தான் முதலில் விழும் என்று அவன் சொன்னான். கை மாறினாலும் கணக்கு ஒன்றுதான். எதிரே வருகிறவனின் பாதையில் நீ குறுக்கே போகிறாய் என்றால், அவன் போகட்டும்.

1989ஆம் ஆண்டின் சாலை விதிகளை நான் முழுவதும் உட்கார்ந்து படித்தேன். 2017இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன, ஆனால் கூட்டு ரோட்டுக்கு வேண்டிய அடிப்படை மாறவில்லை. சிக்னலோ போலீஸோ இல்லாத சந்திப்பில், நீ நுழையும் சாலை மெயின் ரோடு என்று குறிக்கப்பட்டிருந்தால் அதில் போகும் வண்டிகளுக்கு வழிவிடு. மற்ற இடங்களில் உன் வலது கைப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிடு. ரவுண்டானா என்றால் உள்ளே ஏற்கெனவே சுற்றுகிற வண்டிக்கு வழிவிடு. கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானாவில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள், உள்ளே சுற்றுகிறவர் பிரேக் போடுகிறார், வெளியிலிருந்து நுழைகிறவர் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வருகிறார்.

இந்த விதிகளைப் படிக்கும்போது ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. நாம் எல்லோரும் கேட்பது "வழி எனக்கா, அவனுக்கா?" என்று. இந்த விதிகளோ பெரும்பாலும் யாருக்கும் வழியை எடுத்துக் கொடுப்பதில்லை. பெரும்பாலான வாக்கியங்கள் யார் விட வேண்டும் என்றுதான் சொல்கின்றன. எடுத்துக்கொள்ளும் உரிமை என்று சாலையில் ஒன்றும் இல்லை, எதிரே இருப்பவர் விட்டால்தான் அது நமக்கு வழி. நேராக வருகிறவருக்கும் இதே கதைதான். சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லாமல் போக முடியும் என்று தெரியும்வரை உள்ளே நுழையக் கூடாது என்று அதே 1989 விதிகளில் இருக்கிறது. நான் நேராகத்தானே வந்தேன் என்று சொல்லி முழுக்கத் தப்பித்துவிட முடியாது.

விபத்து வழக்கில் யார் என்ன சொன்னார்கள் என்பதோடு, விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த வரைபடம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்பார்கள். அதன் நகல் எங்களுக்குக் கிடைத்தபோது நான் ராத்திரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத் தாள். சாலையின் அகலம் 7 மீட்டர். புளியமரம் ஒரு வட்டம். கண்ணாடிச் சில்லு கிடந்த இடம் ஒரு பெருக்கல் குறி. காரின் பிரேக் தடம் இரண்டு கோடு, பக்கத்தில் 24 மீட்டர் என்று எழுதியிருந்தது.

பெருக்கல் குறி எங்கள் ஊர்ச் சாலையின் வாய்க்கு நேராக இல்லை. அதற்குப் பத்து மீட்டர் முன்னாலேயே, மத்தூர்ப் பக்கமாக, எதிர்த் தடத்தில் இருந்தது. அதாவது அப்பா சந்திப்பு வரை போய்த் திரும்பவில்லை. முன்கூட்டியே குறுக்கே வெட்டியிருக்கிறார். வலது திரும்புகிறவர் சாலையின் நடுவை ஒட்டி வந்து, இரண்டு சாலைகளின் நடுக்கோடுகளும் சந்திக்கும் புள்ளியைத் தன் வலது பக்கம் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று விதி சொல்கிறது. யார் இதைச் செய்கிறார்கள்? எங்கள் ஊரில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லோரும் ஒரே இழுப்பாக, மூலை மடித்த தாள்போல, சாய்வாகத்தான் இறங்குவார்கள். அப்படி இறங்கும்போது எதிர்த் தடத்தில் இருக்கும் நேரம் அதிகமாகிறது. எதிரே வருகிறவருக்கு இந்த வண்டி திரும்புகிறதா, ராங் சைடில் வருகிறதா என்றும் புரிவதில்லை.

24 மீட்டர் தடத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் முழுதாகப் பிடித்தபின் ஏறக்குறைய 20 மீட்டரில் நின்றுவிடும். இந்தக் கார் 24 மீட்டர் இழுத்துக்கொண்டு வந்தபிறகும் அப்பாவின் காலை உடைக்கும் அளவுக்கு வேகம் வைத்திருந்தது. அப்படியென்றால் கூட்டு ரோட்டை நெருங்கும்போது அது 60ஐத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் நான் அதே இடத்தில் நின்று, எக்ஸ்.எல். வண்டிகள் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று மொபைலில் எண்ணிப் பார்த்தேன். கிட்டத்தட்ட நான்கு விநாடி. பின்னால் மூட்டை இருந்தால் இன்னும் கொஞ்சம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் வரும். நான்கு விநாடிக்கு 90 மீட்டர். 90 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரைப் பார்த்தால் யாருக்கும் அது தூரத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். 67 வயது மனிதருக்கு இன்னும் தூரமாகத் தோன்றியிருக்கும்.

எங்கள் வழக்கு கிருஷ்ணகிரியில் நடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனித் தரப்பில் முதலில் எடுத்தது லைசென்ஸ். அப்பாவின் லைசென்ஸ் காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அத்தோடு எல்லாம் போயிற்று என்று எனக்கு வயிறு கலங்கியது. லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்தில் பங்கு இருக்கிறது என்று ஆகிவிடாது என்று 2008இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என வக்கீல் எடுத்துக் காட்டினார். ஒரு பைக்கில் மூன்று பேர் போனதாலேயே அவர்கள் மேல் பழியில் பங்கு போட முடியாது, அந்த மூன்றாவது ஆள் இருந்ததுதான் விபத்துக்குக் காரணமா என்று பார்க்க வேண்டும் என்று 2020இலும் ஒரு தீர்ப்பு வந்தது. இது எனக்குச் சரியாகப் படுகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்காதது தப்பு, அதற்குத் தண்டம் கட்டலாம். ஆனால் அந்த அட்டை பையில் இருந்திருந்தால் கார் மெதுவாக வந்திருக்காது.

அப்பா கூண்டில் ஏறும் நாளைக்கு முந்தைய நாள், எங்களுக்கு வேண்டிய ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். வண்டியை நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, காரே இல்லை என்பதால் திரும்பினேன், திடீரென்று எங்கிருந்தோ வந்து அடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "எதிர்ல கார் வந்ததைப் பாத்தீங்களா, பாக்கலையா?"

அப்பா கம்பைக் கூண்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். "பாத்தேங்க ஐயா. தூரத்துல இருந்துச்சு. போயிடலாம்னு நெனச்சேங்க."

ஹாலில் யாரும் ஒன்றும் பேசவில்லை. தட்டச்சு செய்கிறவர் அதை அடித்த சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கோபம் வந்தது, உண்மைதான். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் நான் அப்பாவிடம் பேசவில்லை. காவேரிப்பட்டணம் சாலைப் பிரிவைத் தாண்டும்போது அவரே சொன்னார். "அந்தப் பையனுக்கும் வீடு வாசல் இருக்கு கண்ணு. நான் பாக்கலன்னு சொன்னா, அவன் இல்லாத எடத்துல இருந்து வந்தான்னு ஆயிடும்."

தீர்ப்பு 2021இல் வந்தது. கார் ஓட்டியவர் மேல் 70 பங்கு, அப்பா மேல் 30 பங்கு. சந்திப்பில் வேகத்தைக் குறைக்காததும் பிரேக் தடத்தின் நீளமும் அவர் கணக்கில். எதிரே வரும் வண்டியைப் பார்த்தும் காத்திருக்காமல் குறுக்கே வெட்டியது அப்பா கணக்கில். மொத்த இழப்பீடு 6,00,000 ரூபாய் என்று கணித்து, அதில் 30 சதவீதம் கழித்து 4,20,000 ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னார்கள். இதற்குப் பங்களிப்புக் கவனக்குறைவு என்று பெயர். காயம்பட்டவரே விபத்துக்கு எவ்வளவு காரணமோ, அந்த அளவு அவருடைய தொகையில் குறையும். அப்பா பொய் சொல்லியிருந்தாலும் அந்த வரைபடத்தில் பெருக்கல் குறி இருந்த இடம் மாறியிருக்காது என்று வக்கீல் பின்னால் சொன்னார். "அவர் உண்மைய சொன்னதாலதான் அவர் சொன்ன மத்ததையும் ஐயா நம்புனாரு. கார் வேகமா வந்துச்சுன்னு சொன்னதும் அவர்தானே."

அன்று அம்மா பின் சீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டேன். அவளுடைய தொகையில் ஒரு பைசாவும் குறைந்திருக்காது. பின்னால் உட்கார்ந்தவர் திரும்பவும் இல்லை, வேகமாக ஓட்டவும் இல்லை. இரண்டு வண்டிக்காரர் தப்பால் மூன்றாம் ஆளுக்கு அடிபட்டால், அவர் முழுத் தொகையையும் யாராவது ஒரு தரப்பிடமே கேட்கலாம், தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. 2015இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் பின்னால் உட்கார்ந்து அடிபட்ட பெண்கள் பலர், "ஓட்டுனது என் வீட்டுக்காரர்தானே, அவர் மேலயும் தப்பு இருக்கே" என்று வழக்கே போடாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பத்தி.

வலது திரும்பல் பற்றியே பேசிவிட்டேன். இடது திரும்பலில் யாரையும் குறுக்கே கடக்க வேண்டியதில்லை, ஆகவே அதில் ஆபத்தில்லை என்று நினைப்பார்கள். பர்கூர் பக்கம் கிரானைட் ஏற்றிய லாரிகள் இடது திரும்புவதைக் கவனித்திருக்கிறீர்களா? முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாகச் சுருங்கி, மூலையை ஒட்டி வரும். நீளமான வண்டி முதலில் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கி, பிறகுதான் இடது வளையும். ஒதுங்கும்போது இடது பக்கம் ஒரு சந்து திறக்கும். பைக்கில் வருகிறவருக்கு அது வழி மாதிரி தெரியும். அதில் நுழைந்தவரை ஓட்டுநரால் கண்ணாடியில் பார்க்க முடியாது. கிளீனர் இருந்தால் இறங்கி நின்று தட்டிச் சொல்வார், இப்போது கிளீனர் இல்லாமல் ஓடும் வண்டிகளே அதிகம். திரும்பும் லாரிக்கு இடது பக்கம் ஒரு ஆள் போகும் அகலம் இருந்தாலும் அதில் நுழையாதீர்கள். அந்த அகலம் சுருங்கப்போகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. பைக்கை முந்திக்கொண்டு வந்து, முந்திய உடனே அதன் மூக்குக்கு முன்னால் இடது வெட்டித் திரும்பும் கார்கள். டவுனுக்குள் இது தினமும் நடக்கிறது. அதில் தப்பு யார் மேல் என்று டீக்கடையில்கூட விவாதம் வராது.

விவாதம் வருவது இண்டிகேட்டரில். நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போடுகிறது. அது வலது திரும்பப் போகிறதா, அல்லது "நீ என்னை முந்திப் போ" என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்கிறதா? சில ஓட்டுநர்கள் இரண்டுக்கும் அதையே போடுகிறார்கள். முந்தச் சொல்கிறார் என்று நினைத்து வலது பக்கம் ஏறியவர், உண்மையாகவே வலது திரும்பிய லாரியின் பக்கவாட்டில் போய் மோதுகிறார். இன்னொன்று, நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று காட்ட நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுவது. தருமபுரி நான்கு ரோட்டில் இதை நிறையப் பார்க்கலாம். இடது பக்கச் சாலையில் நிற்கிறவருக்கு அந்த வண்டியின் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். சரி, இது இந்தப் பக்கம்தான் திரும்புகிறது என்று அவர் நம்பி உள்ளே இறங்குவார், வண்டியோ நேராக வரும். நான்கு விளக்கும் நின்றுபோன வண்டிக்கு உரியவை. நேராகப் போகிறவர் எதையும் போடத் தேவையில்லை.

இரவு இன்னும் மோசம். எதிரே ஒற்றை விளக்கு வருகிறது, பைக் என்று நினைத்துத் திரும்புவோம். ஒரு பக்க விளக்கு எரியாத லாரியாக இருக்கும். பைக்காகவே இருந்தாலும், சின்ன வண்டி அதன் உண்மையான தூரத்தைவிடத் தள்ளி இருப்பதுபோலவும் மெதுவாக வருவதுபோலவும்தான் கண்ணுக்குத் தெரியும். எதிரே வருகிறவர் விளக்கை அடித்துக் காட்டினால் "நீ போ" என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. நம் ஊரில் அதற்கு "நான் நிற்கப் போவதில்லை" என்றுதான் அர்த்தம்.

யாருக்காவது இப்படி நடந்துவிட்டால் ஆளைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் கூட வந்தவர்களில் ஒருவராவது வண்டிகளை நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். அடிபட்டவரை எடுக்க வேண்டாம், சாலையை எடுங்கள். கண்ணாடிச் சில்லு, பிரேக் தடம், சந்திப்பின் வாய், எல்லாம் ஒரே படத்தில் வருகிற மாதிரி கொஞ்சம் தள்ளி நின்று. மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். 2022 ஏப்ரல் 1க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுப் போட வேண்டும் என்று சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். எங்களைப்போல் கால் ஆறட்டும் பார்க்கலாம் என்று ஒரு வருஷம் உட்கார்ந்திருக்காதீர்கள்.

அப்பாவுக்கு இப்போது 70ஐத் தாண்டிவிட்டது. எக்ஸ்.எல்.லைத் தம்பி ஓட்டுகிறான். சந்தைக்கு என் ஸ்கூட்டியின் பின்னால்தான் உட்கார்ந்து வருகிறார், கம்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு. கூட்டு ரோடு வந்ததும் நான் நடுக்கோட்டை ஒட்டி, ஊர்ச் சாலையின் வாய்க்கு நேராக வரும்வரை போய் நிறுத்தி, எதிரே பார்ப்பேன். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். போன வாரமும் அடித்தார். தூரத்தில் ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. தாராளமாகப் போயிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்பா என் வலது தோளில் இரண்டு விரலை வைத்தார். "இரு கண்ணு. அது வரட்டும்."

வேன் போயிற்று. அதன் பின்னால், வேன் மறைத்திருந்த ஒரு பைக்கும் போயிற்று.